உள்ளே இருப்பவர்கள்

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லாத ஆள் வீட்டில் அக்கா மட்டும்தான். தூத்துக்குடி உப்புக்காற்றில் அதன் திருகாணியெல்லாம் துருவேறிவிட்டது, உள்ளே இருக்கும் ஃபேன் கரகரவென்று இருமுகிறது. மாதம் ஒருமுறை, ஓட ஓடவே மூடியை மட்டும் கழற்றித் துடைத்து, திட்டிக்கொண்டே மறுபடி பூட்டுவேன்.

கட்டைகளை அடுக்கி வீடும் ஊருமாகக் கட்டிக்கொண்டே போகிற விளையாட்டு ஒன்று அதில் ஓடுகிறது. உறவிலும் நட்பிலும் பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் இடத்திலிருந்து செல்போனில் உள்ளே வந்து ஆடுவோம். கூடவே ஒரு சின்ன வெப் பக்கமும் வைத்திருந்தேன். ‘உள்ளே இருப்பவர்கள்’ என்று அதற்குத் தலைப்பு. இப்போது யார் ஆடுகிறார்கள், மற்றவர்கள் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று அது காட்டும். கடவுச்சொல் வைக்கச் சோம்பல். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் சர்வர் உள்ளே விட்டுவிடும். தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தார். நடுக்கடலில் போன் எடுக்காது. அங்கே துறைமுகத்தில் கயிறு கட்டியதும் முதல் வேலையாக விளையாட்டுக்குள் வருவார். அவர் பெயர் பக்கத்தில் வந்தால் தோணி கரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்குச் சோறு இறங்கும். நாளெல்லாம் தோணியில் கிடந்துவிட்டு, விளையாட்டிலும் அவர் ஒரு தோணியைத்தான் கட்டினார். நான் கேலி செய்வேன். கடைசியாக வந்தபோது உள்ளே எழுதினார்: “ஏலே மாப்ள, நான் வாரதுக்குள்ள இதுல எவனும் கைவைக்கக் கூடாது.”

திரும்பும் வழியில் தோணி காற்றில் மாட்டி மூழ்கியது. இன்னொரு தோணிக்காரர்கள் ஐந்து பேரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். அந்த ஐந்து பேரில் அத்தான் இல்லை. வாரக்கணக்கில் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் பேச வந்தார்கள். உடம்பைக் கண்டீர்களா என்று அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். எழுந்து போய்விட்டார்கள். தாலியும் பொட்டுமாக அவள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

என் சர்வரில் நானே பெருமையாக எழுதிவைத்த விதி ஒன்று உண்டு. தொண்ணூறு நாள் வராதவர்கள் கட்டியதைத் தானாகவே அழித்துவிடும். எண்பத்தெட்டாம் நாள்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அத்தானுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதியிருக்கலாம், ஒரு வரி வேலைதான். எழுதினால் இனி வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கை வரவில்லை. அதற்குப் பதிலாக, அவர் பெயரைக் கொடுத்து நானே உள்ளே போனேன். ஒருமுறை வந்துபோனால் நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

அவர் விட்டுப்போன இடத்தில் கண் திறந்தேன். முன்னால் பாதி முடிந்த தோணி. கையில் ஒரு பலகை. அடுத்து எங்கே அதை வைக்க நினைத்திருந்தாரோ, அந்த இடத்தைப் பார்த்தபடியே நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டது போலிருந்தது.

மாடிப்படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. அக்கா. கையெல்லாம் மாவு, செல்போனிலும் மாவு. மூன்று மாதமாக நான் பார்க்காத முகம். அந்தப் பக்கத்தை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மடையன் நான்.

“கரை சேந்துட்டாவ லே,” என்றாள்.

திரையை மறைக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் அந்தத் தோணியைப் பார்த்துவிட்டாள். பிறகு, விசைப்பலகை மேலிருந்த என் கையைப் பார்த்தாள்.

“அத்தான் பேர்ல நாந்தாங்க்கா போனேன்,” என்றேன். அழிந்துவிடக் கூடாதே என்றுதான், அது இது என்று என்னென்னவோ உளறினேன். அவள் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். செல்போனில் ஒட்டியிருந்த மாவைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ‘உள்ளே இருப்பவர்கள்’ என்பதற்குக் கீழே அந்த ஒரே பெயர். வெளியே வருவதற்காக நான் கையை நகர்த்தினேன்.

“நீதான்னு தெரிஞ்சுட்டு லே,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

அன்று நான் அந்தப் பெயரை வெளியே எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. அக்கா இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள்.