சுவருக்குள் சிப்பி

எவ்வளவு வெயிலடித்தும் அறைச் சுவர் காயவில்லை. காலையிலிருந்து அதையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் குளியலறை. "பைப்புத்தான் ஒழுகுது, டைல்ஸை உடைச்சுப் பாப்பம்" என்று கணவர் மேசனைக் கூட்டி வந்துவிட்டார். பூச்சு ஊதி வெள்ளைத் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கள் காத்தான்குடியில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எனக்கு எட்டு வயதிருக்கும்போதே, போர் நடந்த காலத்தில், வாப்பா இந்த வீட்டைக் கட்டத் தொடங்கிவிட்டார். வாசலில் கொட்டிய மணலில் கடல் வாடை. நான் அதில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கடல் மண்ணால பூசாதீங்க, சுவர் உப்புப் பூக்கும்" என்றார் உம்மா.

"ஆத்து மண்ணுக்கு வாவிக்கு அங்கால போகணும். இந்தச் சண்டைக்குள்ள ஆர் ஏத்தி வாற? புள்ளைக்கு வீடு வேணும்" என்றார் வாப்பா. வெடிச் சத்தம் கேட்டு வேலையாட்கள் போய்விட, மீதிச் சுவரை அவரே பூசினார்.

"டைல்ஸை உடைக்காதீங்க" என்றேன் கணவரிடம். "பைப்பில்ல, மண்தான் பிழை. கடல் மண்ணுல இருக்கிற உப்புத்தான் ஈரத்த இழுக்குது. பூச்சைக் கொத்திப்போட்டு ஆத்து மண்ணால பூசணும்."

மேசன் உளியை வைத்து ஓர் அடி அடித்தார். பூச்சு பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. அதற்குள், நான் பொறுக்கி முடிக்காத சிப்பிகள்.