என் கல்யாணத்துக் கச்சேரி

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு நடத்தினோம். நான் கிட்டார், மல்லிகா டிரம்ஸ், மற்ற இருவரும் பாட்டு. ஆடித்தபசுத் திருவிழா மேடைக்குப் பிறகு புளியங்குடி, சிவகிரி என்று கோயில் கொடை விழாக்களுக்கெல்லாம் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

மல்லிகாவுக்குக் கல்யாணம் ஆனது. “இனி மேடைப் பக்கம் போவக் கூடாது” என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பாடியவர்களுக்கும் அதே கதைதான். கடைசியாக நான்.

என் கல்யாணத்தன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் பெருமையாக ஒரு கச்சேரி வைத்தார்கள். ஆண்கள் குழு. கிட்டாரில் ஒரு தந்தி சுதி இறங்கிக் கிடந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

“அம்மா, அந்தத் தந்தியைக் கொஞ்சம் முறுக்கச் சொல்லேன்.”

“ஏட்டி, இன்னைக்குமா? தலையக் குனிஞ்சு இரு.”

முன்வரிசையில் மல்லிகா, தோளில் கைக்குழந்தை. டிரம்ஸ்காரர் தாளத்தைத் தவறவிட்டபோதெல்லாம் அவள் விரல்கள் குழந்தையின் முதுகில் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்து குழு உடைந்திருந்தால்கூட யாரையாவது திட்டித் தீர்த்திருப்பேன். இதில் யாரைத் திட்டுவது? மண்டபம் நிறைய இருந்த அத்தனை பேரும் என்னை வாழ்த்தத்தானே வந்திருந்தார்கள்!