கலியாணச் சட்டையும் கேட்கக்கூடாத கேள்வியும்

வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்பது எங்கள் வீட்டில் பெருங்குற்றம். யாழ்ப்பாணத்து ஆட்கள் பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. கேட்டே ஆகவேண்டுமென்றால் “தூரமோ?” என்று பட்டும் படாமலும் கேட்பார்கள். யாராவது தவறிப்போய் நேராகக் கேட்டுவிட்டால் போகிற காரியம் சரிவராதாம். மற்ற வீடுகளில் முகத்தைச் சுளிப்பதோடு விட்டுவிடுவார்கள். அம்மா விடமாட்டார். பயணத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிட வேண்டும்.

ரொறொன்ரோவின் மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்தது மாடிக் கட்டடம். லிஃப்டில் வருகிற அயலட்டைச் சனம் சிரித்த முகத்தோடு அதைத்தான் கேட்கும். உடனே நாங்கள் அதே லிஃப்டில் மேலே போவோம். இப்படி ஒருமுறை பல் வைத்தியரிடம் போவது தவறிப்போனது. அதில் எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கீழே காத்துநின்ற பள்ளிக்கூடச் சினேகிதிகளிடம், அம்மா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இந்த அம்மாவோடுதான், பேச்சையே அந்தக் கேள்வியில் தொடங்குகிற ஒரு தீவில் நாங்கள் வழி தேடி அலைந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர் ஒரு கிரெனடாக்காரர்; கரீபியன் கடலில் இருக்கிற சின்னத் தீவு அது. ஊரில் இருந்த மகளுக்குக் கலியாணம் நிச்சயமானதும், வீட்டில் தையல் வேலை செய்த அம்மாவிடம் கலியாணச் சட்டையைத் தைத்துத் தரச் சொன்னார். அளவுகள் தொலைபேசியில் வந்தன. அவர் முன்னாலேயே போய்விட்டார். சட்டை முடியப் பிந்தியதால் அதை நாங்களே கொண்டுபோவதாக ஏற்பாடு. விமானம் அங்கே போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. அடுத்தநாள் மத்தியானம் கலியாணம். கலியாண ஊரோ தீவின் மறுகோடியில். மத்தியானத்துக்கு முன் நாங்கள் போய்ச் சேராவிட்டால் கலியாணப் பொம்பிளைக்கு உடுக்கச் சட்டை இல்லை.

விடிந்ததும் வாடகைக் காரில் புறப்பட்டோம். அங்கே இலங்கையைப் போல இடப்பக்கம்தான் ஓடுவார்கள். ரொறொன்ரோவில் 401 பெருந்தெருவில் லொறிகளுக்குப் பயந்து கரையோடு ஊர்ந்து போகிற அப்பாவுக்கு அன்று எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது.

“இவ்வளவு காலமும் பிழையான பக்கத்திலை எல்லோ ஓடினனான்! இப்ப பாருங்கோ ஓட்டத்தை” என்றார்.

கரையோரப் பெருந்தெரு ஓரிடத்தில் மண் சரிந்து அடைபட்டிருந்தது. மலைக்குள்ளால் போகும்படி கை காட்டினார்கள். அதன்பிறகு பெயர்ப்பலகை என்று ஒன்றும் இல்லை. ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் ஈரப்பலா மரங்கள், வளைவுக்கு வளைவு பிரிகிற பாதை. என் மடியில் இருந்த வரைபடத்தில் அந்த ஒழுங்கைகளைக் கீறவே இல்லை. அப்பா ஒரு கடையடியில் நிறுத்தி ஊரின் பெயரைச் சொன்னார். அவருடைய உச்சரிப்பு கடைக்காரிக்குப் பிடிபடவில்லை. அவர் அன்பாகக் குனிந்து, “வேர் யூ கோயிங், டார்லிங்?” என்றார்.

பின்சீற்றில் சட்டைப் பெட்டியோடு இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“இஞ்சருங்கோ, காரை நிப்பாட்டுங்கோ.”

நிப்பாட்டினோம். அம்மா இறங்கிக் கடைவாசல் மர வாங்கில் உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்து தான் குடித்து, அப்பாவுக்குக் கொடுத்து, எனக்கும் நீட்டினார். மதிலில் குந்தியிருந்த என் வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

“அம்மா, நேரம் போகுது. எல்லாரும் பாக்கினம்.”

“குடி பிள்ளை.”

அடுத்த சந்தியில் கத்தியோடு தோட்டத்துக்குப் போன ஒரு மனிதர் கேட்டார். மீண்டும் இறக்கம், இருப்பு, தண்ணீர். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் சேர்ந்து கேட்டது. அம்மா புல்லில் துவாயை விரித்து இருந்தார். மலைப்பாதையில் தலை சுற்றுகிறது என்று நினைத்து ஒரு பெண் இஞ்சித் துண்டு கொண்டு ஓடிவந்தார். அம்மா அதை வாங்கி, சாப்பிட்டு, நன்றியும் சொன்னார். எனக்கு மானம் கப்பலேறியது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிளாஸ்கை வாங்கிக் குடித்தார். ஏனைய எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறவர் இந்த ஒன்றுக்கு மட்டும் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

நாலாவது தரம் ஒரு வான்காரன் எங்களருகே நிறுத்தி வாயைத் திறந்தான். அப்பா பாய்ந்து விழுந்து தன் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்.

“நோ! நோ வேர்! மை வைஃப் பிராப்ளம். வெடிங் டிரெஸ். ஒன்லி ஷோ ரோட்!”

வான்காரன் அம்மாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கலியாணம் எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வானுக்குள் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னான். வான் முழுக்கச் சிரிப்பு. பிறகு வலப்பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பறந்துவிட்டான்.

அவன் போன வழியெல்லாம் செய்தியும் போயிருக்கிறது. அடுத்த சந்தியில் ஒரு கிழவர் வீதியோரமாக எழுந்து நின்று, ஒரு வார்த்தை பேசாமல், பாதையைக் கையால் காட்டினார். அதற்கடுத்த வளைவில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். பிறகு ஒரு சின்னப் பொடியன்; அவன் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அம்மா ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக்கொண்டு ராணி போல இருந்தார். நான் சீற்றிலிருந்து வழுக்கிக் கால் வைக்கிற இடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ரொறொன்ரோவில் லிஃப்டோடு முடிகிற வெட்கம் இங்கே ஒரு தீவு முழுக்கப் பரவியிருந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் போய்ச் சேர்ந்தோம். பொம்பிளை உள்பாவாடையோடு வாசலுக்கே ஓடிவந்து பெட்டியைப் பறித்தார். சட்டை அளவாக இருந்தது. தேவாலயத்தில் அவர் நடந்துவந்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. விருந்தில் எல்லோரும் எங்கள் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்களைக் கடந்துபோன ஆட்கள் வாயைப் பொத்திக் காட்டினார்கள். அது அன்பான சிரிப்பு என்று இப்போது தெரிகிறது.

றம்மில் ஊறவைத்த கறுத்தக் கேக்கோடு அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

“ஏனம்மா உப்பிடிச் செய்யிறியள்? கேட்டால் என்ன, குடியா முழுகிப்போகும்?”

வழக்கமாக, கூடாதென்றால் கூடாது என்பதுதான் பதில். அன்று அம்மா கேக்கைப் பார்த்துக்கொண்டே, “நான் ஒருக்கால் கேட்டனான்” என்றார்.

“ஆரிட்டை?”

“மாமாட்டை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்கை, படலையடியிலை வைச்சு.”

அம்மாவின் தம்பியை நான் கண்டதில்லை. நான் பிறக்கமுன், ஒருநாள் காலை சைக்கிளில் வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை என்பது மட்டும் தெரியும். வீட்டில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

“மாமா உங்களை ஏசினவரோ?”

“இல்லை. சிரிச்சுப்போட்டுப் போயிட்டான்.”

சிரித்தாராமே! அவருக்கே கோபம் வராத ஒரு கேள்விக்காகவா அம்மா என்னை ஊருலகத்துக்கு முன்னால் தலைகுனிய வைத்தார் என்று எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய் வேறு மேசையில் இருந்தேன்.