மந்திரக் கட்சியும் விஞ்ஞானக் கட்சியும்

சித்திரக் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் என் தாய்மாமாவின் முகம் பிரேக் இன்ஸ்பெக்டர் முகமாக மாறிவிடும். கல்வராயன் மலையில் கரியாலூருக்கும் கீழே கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டியவர் அவர். மரவள்ளிக் கிழங்கையும் கடுக்காயையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு இறங்குவார். சுமையை இறக்கிப் போட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த காமிக்ஸ்களைப் பொறுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். மலை ஈரத்தில் காகிதம் பூசணம் பூத்துப்போகும் என்பதால் அவை எல்லாம் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. பத்து வயதில் அந்தப் பெட்டிக்கு நான்தான் காவல்.

மாமா படிக்கிற விதமே தனி. விண்கலம் கிளம்பிய இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

"இவ்ளோ தூரம் போய்க்கினே இருக்கான். எங்க டீசல் போட்டான்? ஒரு வரி கெடயாது பாரு."

இப்படித் திட்டினாலும் அவர் மதித்தது விஞ்ஞானக் கதைகளைத்தான். அதில் எந்திரம் நின்றுபோனால் யாராவது ஒருவன் கீழே படுத்துக் கையை அழுக்காக்கித்தான் ஆக வேண்டும். மந்திரக் கதைகள் மேல் அவருக்கு அப்படி ஓர் இளக்காரம்.

"மந்திரம் வந்துட்டா அப்பறம் எதுக்கு பாப்பா பயப்படணும்? மாட்டிக்கினா ஒரு தாயத்து. செத்துட்டா ஒரு மூலிகை. செத்தவன எழுப்பி உக்கார வெச்சான்னா நான் அங்கயே பொஸ்தகத்த மூடிடுவேன்."

அத்தை மந்திரக் கட்சி. களமருதூரில் நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்து, மாமாவைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். மாமாவோடு ஜீப்பில் வந்து இறங்கினால் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் குனிவாள். நெசவாளி மனைவி ஒருத்தி பாம்பு கடித்துச் செத்துப்போக, அவள் தினம் அரிசி போட்டு வளர்த்த குருவி எங்கோ ஒரு சுனையிலிருந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து அவளை எழுப்புகிற கதை ஒன்று உண்டு. அதை எத்தனை முறை படித்தாலும் அத்தைக்குச் சலிக்காது. மாமா கேலி செய்வார். அத்தை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள்.

"இருந்துட்டுப் போவட்டுங்க. நாள் பூரா நெசத்துலயேதான கெடக்கறோம்?"

ஒருநாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "உங்க ராக்கெட்டு கதயில மட்டும் இன்னா வாழுது? ஒரு பட்டன அமுக்கனா ஊரே மறஞ்சி போவுது. அவன் மந்திரம்ன்றத இவன் மிஷினுன்றான். அவ்ளோதான்."

மாமா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் டீ கேட்டார். எனக்குத்தான் ஆத்திரம். நான் மாமா கட்சி. மந்திரக் கதை சின்னப் பிள்ளைகளுக்கு என்றும், விஞ்ஞானக் கதையே விவரம் தெரிந்தவர்களுக்கு என்றும் பள்ளிக்கூடத்தில் பிரச்சாரமே செய்துகொண்டிருந்தேன்.

அத்தை முழுகாமல் இருந்த வருஷம் மழை ஜாஸ்தி. வளைகாப்பு முடிந்ததும் களமருதூருக்கு அழைத்துப் போவதாக இருந்தார்கள். அதற்குள் வலி வந்துவிட்டது. மாமா தன் ஜீப்பிலேயே அத்தையைப் படுக்க வைத்துக்கொண்டு மலையிறங்கியிருக்கிறார். பாதி வழியில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. மழையில் ஓடிப்போய்ப் பக்கத்து ஊர் ஆட்களைக் கூட்டிவந்து வெட்டித் தள்ளிவிட்டு, மறுபடி வண்டியை எடுத்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அத்தையும் இல்லை, வயிற்றிலிருந்த பிள்ளையும் இல்லை.

இதெல்லாம் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது என் காதில் விழுந்தவை. என்னைக் கூப்பிட்டு வைத்து யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். கருமாதி முடிந்த பிறகு அத்தை பெயரையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அதனால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம் மாமா வந்தார். ஜீப் இல்லை, பேருந்தில் வந்திருந்தார். அம்மா தட்டு வைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அத்த படிக்குமே, அந்தக் குருவிக் கத. அத எடு."

எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே படி."

எனக்கு ஒரே பெருமை. கட்டங்களை விரலால் காட்டிக் காட்டி உரக்கப் படித்தேன். குருவி தண்ணீரைக் கொண்டுவந்து நெசவாளி மனைவியின் உதட்டில் விட்டது. அவள் கண்ணைத் திறந்து, "ரொம்ப நேரம் தூங்கிவிட்டேனா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அந்தப் பக்கத்த இன்னொரு தரம் படி."

படித்தேன். மாமா முன்னால் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார்.

"அந்தச் சுனை எங்க இருக்குதுன்னு போட்டிருக்கானா? போய் வர எவ்ளோ தூரம்?"

பழைய மாமா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குக் குஷி. "போடல மாமா. இதுல எதயுமே போட மாட்டான். செத்தவங்கள எழுப்பனா அது கதயே இல்லன்னு நீதான சொன்ன? செத்தா செத்ததுதான?"

"ஏய், வாய மூடுடீ" என்று அம்மா அடுப்படியிலிருந்து அலறினாள்.

"வுடுக்கா" என்றார் மாமா. "பாப்பா சரியாத்தான் சொல்லுது."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார். ஓரம் மடிந்திருந்த அட்டையை உள்ளங்கையால் நீவி நீவிச் சரிசெய்தார். அது நேராக நிற்கவில்லை. பிறகு அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழை வருவதற்குள் கிளம்புகிறேன் என்று எழுந்துவிட்டார். அம்மா பின்னாலேயே தெருமுனைவரை ஓடினாள்.

அதற்குப் பிறகு மாமா காமிக்ஸ் வாங்கவில்லை. ஜீப்பையும் கொடுத்துவிட்டு, சமவெளியில் ஒரு கரும்பு ஆலைக்கு வேலைக்குப் போனார். வீட்டுக்கு வந்தால் என் படிப்பைப் பற்றி விசாரிப்பார், அவ்வளவுதான். கதைகளைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லி நான் மறுபடி கேட்டதே இல்லை.

மாமா அந்தப் புத்தகத்தோடு போன அன்று சாயங்காலம் அம்மா தோசை வார்த்தாள். கல்லைப் பார்த்தபடியே நின்றாள், என் பக்கம் திரும்பவே இல்லை. தன் தம்பி என்னிடம் தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். மாமாவையே வாதத்தில் ஜெயித்துவிட்டேன் அல்லவா. அந்தச் சந்தோஷத்தில் வழக்கத்தைவிட ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.