சொந்த மைதானத்தில் வாங்கில் இருந்த நாள்

ஹொக்கி விளையாடும் பிள்ளையை ஊரில் வைத்திருப்பதா, கொழும்புக்கு அனுப்புவதா என்று பெற்றோர் என்னிடம் கேட்க வருகிறார்கள். அங்கே புல்தரை இருக்கிறது, நல்ல கோச் இருக்கிறார், அனுப்புங்கள் என்று நான் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். அங்கே பிள்ளையை இறக்கி விளையாட விடுவார்களா என்று நான் கேட்டால் முகம் சுருங்கிவிடும். எனக்குப் பதினான்கு வயதில் எங்கள் வீட்டில் இதை அப்பா ஒருவர்தான் கேட்டார். அவரையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

திருகோணமலையில் எங்கள் பள்ளிக்கூட மைதானம் கிரவல், வெறும் கல்லும் மண்ணும். பந்து நேராக வராது, கல்லில் பட்டுத் துள்ளும். விழுந்தால் முழங்கால் உரியும். அங்கேதான் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு எதிராக நான் இரண்டு கோல் அடித்தேன். அடுத்த தவணையே அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு இடமும் விடுதியும் தந்தது. எல்லாம் தான் அலைந்து எடுத்தது என்று கொழும்பிலிருந்த மாமா சொல்லிக்கொண்டார். அம்மா தெருவெல்லாம் சொன்னார்.

"அங்க இவளை விளையாட விடுவினமோ?" என்றார் அப்பா.

மாமா சிரித்தார். "அத்தான், அந்த ரீமில வெளியில வாங்கில குந்தி இருக்கிறதுக்கே பிள்ளையள் வரிசையில நிக்குதுகள்."

"வாங்கில இருக்கிறதுக்கு ஏன் கொழும்பு? எங்கட விறாந்தையிலயும் ஒரு வாங்கு சும்மாதானே கிடக்குது."

போனேன். காலையும் மாலையும் பயிற்சி. புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வந்தது, அதையும் பழகினேன். மட்ச் என்றால் மைதான ஓரத்து வாங்குதான். இன்னும் பழகட்டும் என்றார் கோச். நம்பினேன்.

பிறகு கொழும்பு அணி திருகோணமலைக்கு விளையாட வந்தது, என் பழைய பள்ளிக்கூடத்துக்கு எதிராக. என் கிரவல். பந்து எங்கே துள்ளும் என்று அந்த அணியில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கு இறக்காமல் விடமாட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா, பெரியம்மா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்து மர நிழலில் இருந்தார். அப்பா துறைமுக வேலையிலிருந்து அதே உடுப்போடு வந்து, வேலிக் கம்பியைப் பிடித்தபடி தனியே நின்றார்.

முதல் பாதியில் கோல் இல்லை. கோச் திரும்பும்போதெல்லாம் நான் மட்டையை எடுத்துக்கொண்டு அரைவாசி எழும்புவேன். அவர் வேறொருத்தியைக் கூப்பிடுவார். ஹொக்கியில் எத்தனை தரமும் ஆளை மாற்றலாம். வாங்கில் இருந்த எல்லோரும் போய் வந்தார்கள், நான் போகவில்லை. மர நிழல் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

பழைய பள்ளிக்கூடத்தில் என் இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை விளையாடினாள். கோலுக்கு முன்னால் கிடைத்த பந்துகளை வெளியே அடித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். கடைசியில் கொழும்பு ஒரு கோல் போட்டு வென்றது. கோச் வந்து முதலில் என் கையைத்தான் பிடித்துக் குலுக்கினார். விளையாடாத எனக்கு எதற்கு என்று விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அணியின் பஸ்ஸடியில் அப்பா என்னை ஒதுக்கிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்னை விளையாட விடுறதுக்கு எடுக்கேல்லை. அவைக்கு எதிரில நிண்டு நீ விளையாடாமல் இருக்கிறதுக்குத்தான் எடுத்தவை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு ஹொக்கியைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"ஓம், தெரியாது," என்றார். பிறகு கேட்டார்: "இஞ்சயே நில் எண்டு சொன்னால் நிப்பியோ?"

"ஏலாது."

அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் வைத்தார். அவரைப் பேச்சில் வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு நான் ஜன்னலோரம் போய் இருந்துகொண்டேன்.