மேலகரம் அண்ணாச்சியின் சொந்தக் குரல்

போன வாரம் தென்காசியில் ஊசி போடப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தாரோ இல்லையோ, எனக்குப் பழைய கேசட் கடை ஞாபகம் வந்துவிட்டது. எண்பதுகளில் அங்கே பாட்டுப் பதிந்து கொடுப்பது என் வேலை. டேப் ரிக்கார்டர் ஹெட்டை இதே ஸ்பிரிட்டால்தான் துடைப்பேன். பிறகு நாள் முழுக்க விரலை மோந்துகொண்டு திரிவேன். பெரிய இன்ஜினீயர் என்று நினைப்பு!

கடையநல்லூர் சலீம் என் சேக்காளி. துபாயிலிருந்து வந்தபோது ஒரு சின்ன கீபோர்டும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தான். கேசட்டில் இங்கிலாந்துக்காரர்கள் சிலர். மிஷினில் இசை மட்டும் செய்வார்களாம். பாடுவதற்குப் பாட்டுக்கு ஒருவராக வெளியாளை அழைத்து, பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடவைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் விடாமல் கேட்டோம்.

"நாமளும் செய்வோம்லே" என்றான் சலீம்.

எங்களுக்கு அகப்பட்ட வெளியாள் மேலகரம் சுப்பையா அண்ணாச்சி. கல்யாணக் கச்சேரிகளில் ஒரு சினிமாப் பாடகரின் குரலில் அச்சு அசலாகப் பாடுவார். "அவரு மாதிரியே பாடுதாருடே" என்பதுதான் அன்றைக்குப் பெரிய பாராட்டு. ஆனால் எங்களைப் போன்ற கடைகளின் புண்ணியத்தில் அசலே மலிவாகக் கிடைத்ததால், கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பாட்டையே விட்டுவிடுவதாக இருந்தார், பாவம்.

அவர் வீட்டிலேயே பதிவு. அண்ணாச்சி வழக்கம்போல அந்தப் பாடகரின் குரலில் தொடங்கினார். சலீம் நிறுத்தினான்.

"அவரு ஏற்கெனவே பாடிட்டாரு. நீங்க பாடுங்க அண்ணாச்சி."

"எங் குரலு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதடே."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளைய உறங்க வைக்கையில பாடுதியள்லா, அந்தக் குரலு!"

அந்தக் குரலில் பாடினார். கொஞ்சம் கரகரப்பு, நிறையக் கூச்சம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கேசட்டைக் கேட்டவர்கள் குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு ஒரு மேடை கொடுத்தார்கள். சிரித்துவிடுவார்களோ என்று அண்ணாச்சிக்கு ஒரே உதறல். பாட ஆரம்பித்ததும், அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்ற ஒருவர் என்னிடம் கேட்டார்.

"யாருடே பாடுதா?"

அதுவரை அண்ணாச்சி பாடும்போது யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. "நம்ம மேலகரம் சுப்பையா அண்ணாச்சி" என்றேன், மேடைக்கே கேட்கும்படி. அவர் பாடிக்கொண்டே சிரித்தார். அதற்குப் பிறகு பல சீசன் அதே குரல்தான்.

இப்போது கடை இல்லை. அண்ணாச்சியும் இல்லை. கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. நன்றாக இருந்தாலும் போட்டுக் கேட்க மிஷின் எங்கே இருக்கிறது? போகட்டும். அந்தக் குரலை முக்கியமாகக் கேட்க வேண்டியவர் அவர்தான். கேட்டுவிட்டுத்தான் போனார்.