சோல்வியை ஏன் யாரும் கேலி செய்யவில்லை?

காலை ஏழு மணிக்கு ஊர் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு, "சத்தியமா நடந்த கதை" என்று தொடங்குவார் சோல்வி. ஒரு மூச்சு விட்டு, "கொஞ்சம் இழுத்திருக்கேன். எங்க பாட்டு மாதிரிதான்" என்பார்.

அவருடைய இசைக்குழு ஒரு பாட்டைத் தொடங்கி முடிப்பதற்குள் ஆடு குட்டி போட்டு, குட்டி எழுந்தும் நின்றுவிடும். கிதாரை வயலின் வில்லால் தேய்ப்பார். அந்தச் சத்தத்தில் ஐஸ்லாந்தே தெரிகிறது என்று வெளிநாட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஐஸ்லாந்தில், ஐந்நூறு பேர் உள்ள இந்த மீன்பிடி ஊரில், அவருக்கு ஒரே ஒரு குறை.

தை மாதத்து விருந்தில் பழைய வழக்கப்படி அழுகிய சுறாவையும் புளித்த ஆட்டுத்தலையையும் வைத்துவிட்டு, ஊராரைக் கேலி செய்து நாடகம் போடுவார்கள். படகைக் கட்ட மறந்தவர் முதல் பாதிரியார் வரை யாரும் தப்ப முடியாது. சோல்வியை மட்டும் இருபது வருடமாக ஒருவரும் தொடவில்லை. கேலிக்கு ஆளாகாதவர் அங்கே விருந்தாளி; ஊர்க்காரர் இல்லை.

நாடகம் எழுதும் தோர்டிஸ் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். "உன்ன என்னத்தடா கேலி பண்றது? உலகமே கும்பிடுது."

இன்று மாலை நாடகத்தை முடிவு செய்கிறார்கள். சோல்வி தொண்டையைக் கனைத்தார்.

"டோக்கியோல ஒரு அம்மா அழுதுக்கிட்டே வந்து, 'அந்த நீள முனகல் எந்த எரிமலை'ன்னு கேட்டாங்க அக்கா. பெரிய எரிமலைம்மான்னுட்டேன். நெசத்துல அது நம்ம கிஸ்ஸுர் டிராக்டரு. குளிர்ல கிளம்பாம முக்குமே, அதப் பதிவு பண்ணி பத்து நிமிஷத்துக்கு இழுத்துட்டேன். முப்பதாயிரம் பேரு எந்திரிச்சு நின்னாங்க!"

"போன வாரம் மூவாயிரம்னு சொன்ன?"

"அன்னிக்குத் தொட்டில தண்ணி கம்மிக்கா."

தொட்டியின் மூலையிலிருந்து கிஸ்ஸுர் எகிறினார். "என் டிராக்டரா? அது ஒரே திருகுல கிளம்பும்!"

"எங்க கிளம்புச்சு? மூணு வருஷமா நான்ல தள்ளிவிடுறேன்!" என்றார் தோர்டிஸ். "இந்த வருஷம் மேடையில நீதான் டிராக்டர். முக்கிக்கிட்டே நில்லு. சோல்வியா என் தம்பி வருவான்."

"உங்க தம்பியா? அவனுக்குத் தலையில ஒத்த முடி கெடையாது! சோல்வி வேஷம் எனக்கு. வில்லுக்கு எங்க வீட்டுத் துடைப்பம் இருக்கு" என்றார் கிஸ்ஸுர்.

"துடைப்பத்தப் பிடிக்கத் தெரியுமாடா உனக்கு? உன் பொண்டாட்டியக் கேப்போமா?"

"அவள எதுக்கு இழுக்குறீங்க?"

இருவரும் எழுந்து நின்று கத்தினார்கள். தொட்டித் தண்ணீர் பாதி வெளியே போனது. சோல்வி மெல்ல மூக்குவரை அமிழ்ந்தார். பனி விழுந்த தலை மட்டும் வெளியே தெரிந்தது; வாய் இருந்த இடத்தில் சிரிப்பு குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது.